மூன்றாந்தரத்துக்கு முன்

முதல் அறிகுறியைப் பத்திரிகைதான் காட்டியது. காலையில் விரித்துப் பிடித்தால் வலப்பக்கம் மட்டும் சரசரத்தது. மின்விசிறியை நிறுத்தினேன். யன்னலைச் சாத்தினேன். சத்தம் ஓயவில்லை. என் வலது பெருவிரல் என்னைக் கேட்காமல் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எண்ணுவது என் வேலை.

திருகோணமலையில் நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் (மூளையில் ஓர் இரசாயனம் குறைவதால் நடுக்கமும் விறைப்பும் தரும் நோய்) என்றார். அந்த இரசாயனத்தின் வேலையைச் செய்யும் மாத்திரை தந்தார். சில வாரங்களில் கை அடங்கியது. தேநீரைச் சிந்தாமல் குடித்தேன்.

நான் அவசரப்படுகிற ஆள் அல்ல. அலுமாரிக்கு நிறம் தெரிவுசெய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் யோசித்தவன். அப்படிப்பட்ட நான், சாம்பல்தீவுக் கரை ஏலத்தில் வீட்டிலிருக்கும் இரண்டு பேருக்கு ஒரு பெட்டி சூடை மீன் எடுத்துவந்தேன். மறுநாளும் எடுத்தேன். ஏலம் கூறும் ஜெமீல் "இரண்டுதரம்" என்றதும், மூன்றாவதைச் சொல்லிவிட்டால் கடலில் மீனே இராது என்பதுபோல் கை எழும்பிவிடும். பூனைக்கு என்று மனைவி பவளத்திடம் சொன்னேன். எங்களிடம் பூனை இல்லை.

ஒருநாள் இறக்கக்கண்டி ஊர்க்காரர் ஒருவரின் படகு ஏலத்துக்கு வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. எடுத்துவிட்டேன்.

பவளம் என்னையும் இழுத்துக்கொண்டு ஜெமீலிடம் போனாள்.

"தம்பி, அவர் கையைத் தூக்கேல்லை. நடுக்கத்தில அது தானா எழும்பினது."

"மூண்டாந்தரம் சொல்லிட்டன் அக்கா. சொன்னதை விழுங்கினா நாளைக்கு என்ர ஏலத்துக்கு ஆர் வருவினம்? நோய், வருத்தம் எண்டா வேற கதை. சேர், கையை நீட்டுங்கோ பாப்பம்."

நீட்டினேன். நங்கூரம் போட்டதுபோல் நின்றது.

"இதைவிட என்ர கை நடுங்குது," என்றார் ஜெமீல்.

பவளத்துக்கு அவள் தாய் போட்ட காப்புகள் அடகுக்குப் போயின. படகு கரையில் கிடந்தது. அதைத் திருப்பி ஏலத்தில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் படகை நானே திருப்பி எடுத்துவிடுவேன் என்று பவளம் பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அடுத்த கிளினிக்கில் மருத்துவர், வேறு ஏதும் மாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"படகு வாங்கியிருக்கிறார், டொக்டர்," என்றாள் பவளம்.

மருத்துவர் பேனையை வைத்துவிட்டார். இந்த வகை மாத்திரை சிலருக்கு உந்துதல் கட்டுப்பாட்டுக் குறைபாட்டை (நினைத்ததை நினைத்த கணமே செய்யவைக்கும் நிலை) உண்டாக்கும் என்றார்.

"மெல்ல மெல்லக் குறைப்பம். ஆனா நடுக்கம் கொஞ்சம் திரும்பி வரும். அதுக்கு நீங்கள்..."

"ஓம்," என்றேன்.

"இப்ப எல்லாத்துக்கும் இவருக்கு ஓம்தான்," என்றாள் பவளம். "நான் யோசிச்சுச் சொல்றன். குறையுங்கோ."

இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். உங்களில் வந்த மாற்றத்தை வீட்டிலிருப்பவரிடம் கேளுங்கள். எனக்கு அது உற்சாகமாகத்தான் தெரிந்தது.

நடுக்கம் திரும்பியது. பத்திரிகை மறுபடி சரசரத்தது. பவளம் அதைக் கேட்டுவிட்டு, படகை ஏலத்தில் விடலாம் என்றாள்.

கரையில் என் பக்கத்தில் நின்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குச்சவெளிக்காரர் ஒருவர் விலை சொன்னார்.

"ஒருதரம். இரண்டுதரம்."

என் கை தொடையோரம் துடித்துக்கொண்டிருந்தது. ஜெமீல் நிறுத்தினார். கரை முழுவதும் என்னைப் பார்த்தது.

"சேர், அது ஏலக் கேள்வியோ, நடுக்கமோ?"

முன்பெல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எனக்கு இடமே இருக்கவில்லை. இப்போது ஒரு கதிரை போட்டு உட்காரலாம்போல் இருந்தது. படகைப் பார்த்தேன். நல்ல படகுதான். பவளத்தின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"நடுக்கம்," என்றேன்.

"மூண்டுதரம்," என்றார் ஜெமீல்.

பவளம் சட்டையை விட்டாள். என் பெருவிரல் இன்னும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.