அவிழ்க்காத கொண்டை

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் மனோரமாவின் கொண்டையைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள், தலையில் அக்கறை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். போன ஐப்பசியில் முடிந்த கொண்டை அது. குளிக்கும்போது மேலாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். உள்ளே முடி சிக்கேறிக் கயிறாகிவிட்டது.

அவள் அனுப்பம்பட்டுப் பக்கத்து வயற்காட்டுப் பெண். அங்கே நடவு முடித்து வந்த பெண்கள் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து, எண்ணெய் தடவி, ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிடுவார்கள். பச்சைமுத்துவைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான், ஆண்பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது வீட்டுப் பெண் தலையை அவிழ்க்கக்கூடாது என்று தெரிந்தது. அவிழ்ந்த முடி காற்றைக் கூப்பிடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

அவளும் கட்டுப்பட்டுத்தான் இருந்தாள். ஆனால் பொன்னேரிச் சந்தையில் மீன் கூடையை இறக்கிவிட்டு வந்த நாட்களில் மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். அப்போது கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெயைச் சூடு பண்ணி உச்சியில் தேய்த்து, மெல்ல வாருவாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு ஓய்வு. முடித்ததும், எதையோ திருடியவள் போல அவசரமாகக் கொண்டை போட்டுக்கொள்வாள்.

ஐப்பசியில் பச்சைமுத்துவும் அவன் அண்ணனும் ஏரிக்குப் போயிருந்த அன்றும் வாரினாள். சீப்பு கையில் இருக்கும்போதே காற்று திரும்பியது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. அண்ணன் ஆதிகேசவன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். தம்பி பச்சைமுத்துவை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, சாயங்காலம் கொஞ்சம் நடக்கச் சொன்னாள், மூச்சை நிதானமாக இழுத்து விடச் சொன்னாள், வெதுவெதுப்பான எண்ணெயைத் தலையில் தேய்த்தால் மனசு லேசாகும் என்றாள். மனோரமா நடந்தாள். மூச்சும் விட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் தொடவில்லை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் ஆதிகேசவனின் மனைவி கஸ்தூரியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று முறை பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். அன்று ஆதிகேசவனுக்குப் பாடு.

"திரும்பி உக்காரு. நர்ஸம்மா என்கிட்டயும் சொல்லிச்சு."

"வேணாங்க்கா. மாமா ஏரில கீறாரு."

"கீறாரு. அதுக்கு இன்னா?"

மனோரமாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அன்று கதவைச் சாத்திக்கொண்டு வாரியதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"நீ ஏன் அவுக்காம கீறேன்னு எனக்குத் தெரியாதா? நான் மட்டும் அன்னிக்கு இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு நெனக்கிற? தலைக்குக் குளிச்சிட்டு, முடிய விரிச்சுப் போட்டுக் காய வெச்சிக்கினு இருந்தேன். என் ஆளு வந்துட்டாரு. உன் ஆளு வரல. யாரு முடி கவுத்துச்சுன்னு நீயே சொல்லு."

பதிலுக்குக் காத்திராமல் கொண்டையில் கை வைத்தாள். இது தலையா, நண்டு சிக்கின வலையா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு சிக்காகப் பிரித்தாள். முதலில் வலித்தது. பிறகு சூடான எண்ணெய் உச்சியில் இறங்கியது. மனோரமாவின் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. அவன் இல்லாத உலகத்தில் இவ்வளவு சுகமாக இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. கண் மட்டும் ஏரியை விட்டு நகரவில்லை.

படகின் மோட்டார்ச் சத்தம் கேட்டது.

"உங்க மாமா வந்துட்டாரு பாரு" என்றாள் கஸ்தூரியம்மாள். குரலில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது.

மனோரமா "ம்" என்றாள். அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஏமாந்துபோனதை அவள் கவனித்துவிட்டாள். அவர் வராமல் போயிருந்தால், தன் தலைமுடிதான் பச்சைமுத்துவைக் கொன்றது என்று ஆகியிருக்கும். அவன் ஏன் போனான் என்பதற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். தன் சிக்கைப் பிரித்துக்கொண்டிருப்பவளின் புருஷனை வைத்தா இப்படி நினைத்தோம்?

இதை எந்த அக்காவிடமும் சொல்ல முடியாது. பாதி வாரிய தலையோடு எழுந்தாள். விரிந்த முடி முதுகில் புரள, வலையை இறக்கக் கை கொடுப்பதற்காகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.