கறுப்புத் தரை

பெங்களூரு மர்பி டவுனில் என் கிளினிக். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று பார்த்தே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. மறதி நோய் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடுவேன். என் வேலை அதோடு முடிந்தது என்ற நினைப்பு. போன வருடம், என்னைப் போன்ற சிறு கிளினிக் டாக்டர்களுக்கு மறதி நோய் பற்றி நடந்த பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் ஒருநாள் மதியம் செல்போனில் வகுப்பு. ஆளுக்கொரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சொன்னது, வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்ந்த ஒருவரின் மனைவியைப் பற்றி. எழுபது வயதுக்கு மேல். கணவரையே "யாருப்பா நீ?" என்று கேட்பார். இரண்டு மாதமாகக் குளிக்க மறுத்து அவரை அடிக்கிறார், சட்டையைக் கிழிக்கிறார். நான் தூக்க மாத்திரை கொடுத்திருந்தேன்.

வகுப்பு எடுத்த டாக்டர் கோபப்படவில்லை. "அடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு நேர்ல பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"குளிக்கப் போவ மாட்டேன்னு ஒரே அடம், டாக்டரம்மா. நீங்களே பாருங்க" என்றார் பெரியவர். மனைவியைக் குளியலறை வாசல்வரை அழைத்துப் போனார். பக்கெட்டை நிரப்ப அவர் முதலில் உள்ளே காலை வைத்ததும் அந்த அம்மா அலறினார். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றி இழுத்தார். இழுத்த வேகத்தில் அவர் தோளில் அடி விழுந்தது.

அந்த அலறலை அப்போதுதான் சரியாகக் கேட்டேன்.

"போவாத! போவாத, உழுந்துடுவ!"

தரை கறுப்புக் கல். ஈரத்தில் பளபளத்தது. இந்த நோயில் கறுப்புத் தரை சிலருக்குப் பள்ளமாகத் தெரியும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன்.

"ஐயா, அவங்க கண்ணுக்கு அது கிணறு மாதிரி தெரியுது போல. நீங்க விழுந்துடுவீங்கன்னு இழுக்கறாங்க."

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமா என்னைக் காப்பாத்தினு இருந்தாளா?"

கிழமை, ஊர், கட்டிய கணவர் எல்லாம் நழுவிப்போன மனசு. ஆனாலும் தினமும் காலையில் ஒரு கிணற்றின் விளிம்பில் நின்று, யாரென்றே தெரியாத ஆளை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதற்குத்தான் நான் மாத்திரை எழுதியிருக்கிறேன். அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன்.

பெரியவர் மறுநாளே வழுக்காத பெயின்ட் வாங்கி, வெளி அறைத் தரையின் நிறத்திலேயே குளியலறைத் தரைக்கும் அடித்தார். காய்ந்த பிறகு கூப்பிட்டார், போனேன். அவர் முன்னால் நுழைந்தார். அந்த அம்மாவின் கை நீண்டது, இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். பிறகு தானே உள்ளே போய், "தண்ணி சூடா இருக்குதா?" என்றார்.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி டாக்டர் ஒருவர், "என் பேஷன்ட் ஒருத்தர் லிஃப்ட்ல ஏறவே மாட்டேங்கறாரு. நாளைக்குப் போய்ப் பாக்கறேன்" என்றார்.