ஏணியில் ஏறிய கரண்ட்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கீழக்குயில்குடிப் பக்கம், நீச்சல் குளத்தோடு வாடகைக்கு விடும் ஒரு பண்ணை வீட்டில் நான் துப்புரவு வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். அங்கே எல்லோருக்கும் என் பயம்தான் பொழுதுபோக்கு.

அன்று பேரையூரிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்காக வந்திருந்தது. குழந்தைகள் காற்றடைத்த டியூபோடு துள்ளிக்கொண்டு நின்றார்கள். குளத்துக்குள் புதிதாக மாட்டிய நீல லைட்டை, பகலென்றும் பாராமல் மேனேஜர் எரியவிட்டிருந்தார். ஸ்டீல் ஏணியில் பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. அதைத் துடைக்கலாமென்று ஒரு கையால் துணியைக் குளத்தில் நனைத்துக்கொண்டே, மறு கையால் ஏணியைப் பிடித்தேன். சுருக்கென்று முழங்கை வரை ஏறியது.

"கரண்டு அடிக்குது, பிள்ளைகள எறக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

மேனேஜர் சிரித்தார். "முந்தாநாள் கேஸ் நாத்தம்னீங்க, இன்னைக்குக் கரண்டா? நாளைக்கு என்னக்கா, பூகம்பமா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலை போய்விடுமோ என்ற கலக்கம் வேறு. ஆனால் பிள்ளைகளின் அப்பா சிரிக்கவில்லை.

"அக்கா சும்மா கத்துன மாதிரி தெரியலண்ணே. மொதல்ல மெயினை அமத்துங்க. கேக்கை வெட்டுவோம், குளியலப் பெறகு பாத்துக்கலாம்" என்றார். அழுத பிள்ளைகளை அவரே சமாதானப்படுத்தினார். எனக்கு ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டார்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். லைட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. வோல்டேஜைக் குறைக்காமல் வீட்டுக் கரண்டையே நேராக அதற்குக் கொடுத்திருந்தார்கள். போதாததற்கு, பூஜைக்காக ஏணியைக் கழற்றிக் கழுவியபோது, அதில் முடுக்கியிருந்த பச்சை எர்த் ஒயரை வேண்டாததென்று நினைத்து இடுக்கில் செருகிவிட்டு ஏணியை மாட்டியிருந்தார்கள்.

"கொளத்தச் சுத்தி இருக்க இரும்பு அம்புட்டையும் ஒரே ஒயர்ல சேத்துக் கட்டணும்ணே. ஒன்ன விட்டாலும், அதத் தொடுறவன் ஒடம்புதான் ஒயரு" என்று மேனேஜரிடம் சொன்னார்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அதே வயதில் இரண்டு பிள்ளைகள். "தப்பிச்சோம்க்கா" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று குழந்தைகள் குளத்தில் இறங்காமலே ஊர் திரும்பினார்கள். வேன் ஜன்னலில் ஆடிய சின்னச் சின்னக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றும் எதைக் கண்டாலும் பயம்தான் எனக்கு. ஆனால், முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் பயத்தை மதித்த அந்த நாளிலிருந்து, நான் வாயை மூடிக்கொண்டு பயப்படுவதில்லை.