ஏரிக்கரைப் புல்

மழை பொய்த்த வருடம். எங்கள் செம்மறிகள் தாடை வீங்கி ஒவ்வொன்றாகச் செத்தன. யாரோ செய்வினை வைத்ததாக என் கணவர் நம்பினார். தோல் வாங்க ஆம்பூரிலிருந்து வந்த பாய், அப்போதுதான் செத்த ஆட்டின் ஈரலை அறுத்துக் காட்டினார். இலைபோல் தட்டையான புழுக்கள் நெளிந்தன.

"ஏரிக்கரை ஈரப்புல்லுலேர்ந்து வர்ற புழும்மா. இனி அங்க மேய்க்காதீங்க."

"ஆடு செத்தாதானே பாய் உங்களுக்குத் தோலு?"

"அதுக்காக, தெரிஞ்சும் சொல்லாம போவ முடியுமா?"

மிஞ்சியவற்றைக் காய்ந்த மேட்டில் கட்டி, வேலங்காய் பறித்துப் போட்டேன். ஒரு சினையாடு மட்டும் கீழே தெரிந்த பச்சையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அவிழ்த்துவிடக் கை துடித்தது. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அது பிழைத்துக் குட்டியும் போட்டது. ஆனால் அதன்பிறகு என்னைக் கண்டாலே விலகி நின்றது. உயிரோடு நின்றதே, எனக்கு அது போதும்.