அம்மாவைப் பற்றி எழுதிய பத்துப் பக்கம்

எர்ணாகுளத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக் குழாயில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்குள் நின்றுவிடும். அதற்குள் நான்கு குடமும் இரண்டு வாளியும் பிடித்து வைத்துவிட்டு, களமசேரிப் பக்கம் இருந்த கல்லூரிக்குப் பஸ் பிடிக்க ஓடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் காலியாக இருக்கும். மாடி வீட்டுக்காரர்கள் குழாயில் ஏதோ கலக்கிவிடுகிறார்கள் என்று அம்மா அத்தனையையும் சாக்கடையில் கொட்டியிருப்பாள்.

அம்மா சுக்கு கோடௌனில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். நான் பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் படிக்கும்போது இந்தச் சந்தேகம் அவளைப் பிடித்தது. முதலில் தண்ணீர், பிறகு பால், பிறகு கூட வேலை பார்த்தவர்கள் நீட்டிய சாயா. ஒரு நாள் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அப்பா கார்ப்பரேஷனில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. இரண்டு நாள் போகாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பான். தங்கை பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே இதெல்லாம் படிக்கிற. நீயே பாத்துக்கோ" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மனநலம் எங்களுக்கு ஒரு பாடம். அம்மாவுக்கு வந்திருப்பதன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதும் தெரியும். இன்டர்னல் முடியட்டும், செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

நானும் சரியாக இல்லை. ஒரே வரியைப் பத்துத் தடவை படிப்பேன், ஒன்றும் ஏறாது. பஸ் தோப்பும்படி பாலத்தில் ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை விறைக்கும். பாலம் தாண்டி இறங்கி, ஓரமாக வாந்தி எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போவேன். முதல் பீரியட் அட்டன்டன்ஸ் இப்படியே போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. 'மகளுக்கும் வந்துவிட்டது' என்று பேச்சு கிளம்பிவிடும் என்று பயந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் காலிக் குடங்களைப் பார்த்ததும் கத்தினேன். "எதுக்கும்மா கொட்டின?"

"உனக்கும் சேத்துத்தான் கொட்டினேன். நீ குடிச்சுச் செத்துப் போனா நான் என்ன செய்வேன்?"

கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்து, "அடிக்கச் சொல்லி அவங்கதான் அனுப்பினாங்களா?" என்று கேட்டாள்.

மார்ச்சில் இன்டர்னல் பரீட்சை வந்தது. அதற்கு முந்தின வாரம் அம்மா யாரிடமும் சொல்லாமல் சுள்ளிக்கல் வரை நடந்துபோய், யாரோ ஒருவர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை அன்றைக்கு நான் தேடிக்கொண்டு அலைய முடியாது. ஏழரை மணிக்கு உள்ளறையில் ஒரு தட்டுச் சோறும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தேன். அம்மாவை உள்ளே தள்ளி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் கதவைத் தட்டத் தட்ட, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஐந்து மணிக்கு வந்து திறந்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. குடத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. சேலை நனைந்திருந்தது. சிறுநீர் கழிக்க வாளி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தங்கை டியூஷனிலிருந்து வருவதற்குள் தரையைத் துடைத்து, சேலையை மாற்றிவிட்டேன். அன்றைய பரீட்சையை நன்றாகவே எழுதியிருந்தேன்.

அடுத்த செமஸ்டரில் ஒரு நோயாளியைச் சந்தித்துப் பத்துப் பக்கம் கேஸ் ஸ்டடி எழுத வேண்டும். கல்லூரி அனுப்பிய மனநல மையத்துக்கு நான் இரண்டு தடவைதான் போனேன். மற்ற நாளெல்லாம் பாலத்தில் இறங்கி வீட்டுக்கே திரும்பிவிட்டேன். கடைசி வாரம் வீட்டில் உட்கார்ந்து அம்மாவை எழுதினேன். 'நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி, மட்டாஞ்சேரி, முன்பு சுக்கு கோடௌன் தொழிலாளி.' பெயரை மட்டும் மாற்றினேன். குடும்ப ஆதரவு என்ற தலைப்பின் கீழ் 'நன்று' என்று போட்டேன். பரிந்துரை: உடனடி மனநல சிகிச்சை.

டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். "கொள்ளாம் மோளே" என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டு, இத்தனை விஷயத்தை அந்த அம்மா எப்படி மனம் திறந்து சொன்னார் என்று கேட்டார்.

"நல்லாப் பழகினேன் மிஸ்" என்றேன்.

இருபதுக்கு இருபது. பஸ்ஸில் வரும்போது மார்க் போட்டிருந்த பக்கத்தை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை பேனா தேடி என் பையைத் திறந்த தங்கை கையில் அந்தக் கேஸ் ஸ்டடி கிடைத்தது. நான் குடத்தோடு உள்ளே வரும்போது, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"போதும், நிறுத்து" என்றேன்.

"படிக்கட்டும்" என்றாள் அம்மா.

கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என்னை அடிச்சதை எழுதலையே. பூட்டிட்டுப் போனதையும் எழுதலை."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது.

"அம்மா, அது மார்க்குக்காக..."

"எனக்குச் சீக்குன்னு உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

நான் குடத்தை இறக்கி வைத்தேன். வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்ற அப்பாவிடம் அம்மா திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீங்க வாங்க. இவ வேண்டாம்."

எட்டு மாதமாக நான் செய்யாததை அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஒரே காலையில் செய்தார். மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும் கொடுத்தார்கள். தண்ணீர்ச் சந்தேகம் மெல்லக் குறைந்தது. ஒரு வருடத்தில் அவள் அரை நாள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். மாத்திரையைத் தங்கைதான் எடுத்துக் கொடுப்பாள். "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?" என்று நான் கேட்டால், "நல்லாயிருக்கு" என்பாள், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்வதுபோல. நான் அறைக்குள் நுழைந்தால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

கடைசி செமஸ்டரில் ஹாலில் உட்கார்ந்து ஒரு வரிகூட எழுத வரவில்லை. மூன்று பேப்பர் போயிற்று. அதே ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போய்ச் சீட்டு எடுத்தேன். எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா, "உனக்கென்ன குறை?" என்றார். அம்மா தலையை நிமிர்த்தாமல் மீன் அரிந்துகொண்டிருந்தாள். போன பேப்பர்களைச் சப்ளியில் மறுபடி எழுதித் தேறினேன். இப்போது எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். படித்த வேலைக்கு நான் மனுப் போடவே இல்லை.

போன ஜூனில் தங்கை கல்லூரியில் சேர, போனில் அப்ளிகேஷன் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்ன பாடம் எடுக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டாள்.

"எது வேணா எடு. அக்கா படிச்சது மட்டும் வேண்டாம்" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

தங்கை பி.காம். எடுத்தாள்.