வந்துகினே கீறேன்

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி அனுப்பும் ஆபீஸில் எனக்குப் பதினொரு வருடமாக வேலை. கம்ப்யூட்டர் நான், போன் அக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான். டிரைவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்காவாகிவிட்டார். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து காலை ஏழு மணிக்குப் போனை எடுத்தாரென்றால், எந்த அபார்ட்மென்டுக்கு எந்த வண்டி என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே ஓடும். நோட்டுகூடக் கிடையாது.

முதலாளியின் குடும்பம் நெல் போட்ட நிலத்தில்தான் நாங்கள் தண்ணீர் கொண்டுபோகும் அபார்ட்மென்டுகள் பாதி நிற்கின்றன. அவர் ஒரு நாள் ஏதோ கல்யாண வீட்டில் கேள்விப்பட்ட யோசனையோடு வந்தார். வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்து, வண்டியை ஒதுக்கி, பதிலும் போட்டுவிடும் ஏஐ ஏஜென்ட். என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார்.

"ஒரு மாசத்துல அது தன்னால ஓடணும். ஓடிச்சுன்னா போனுக்கு ஆள் வேணாம். அவங்ககிட்ட நான் பேசிக்கறேன், நீங்க வாயத் திறக்காதீங்க. ஓடலன்னா கம்ப்யூட்டருக்கு வேற ஆளப் பாக்கணும்."

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு எவன் வேலை கொடுப்பான்? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்று மாலை தாம்பரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் லாரி ஒன்றின் பின்னாலேயே மாட்டிக்கொண்டேன். முந்தவும் வழியில்லை, வண்டியைத் திருப்பவும் இடமில்லை. அதன் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏஜென்ட் வரப்போகிறது என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

"எந்தூரு ஆளு சார்?" என்றார். இங்கே ஏஜென்ட் என்றால் மனை விற்கிறவர், இல்லையென்றால் இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். ஆள் இல்லை, கம்ப்யூட்டர் என்றேன்.

"அப்போ டீ சொல்ல வேணாம்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அமைப்பது பெரிய வித்தையில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளுக்குச் சொல்வதுபோல, இது வந்தால் இப்படிச் செய் என்று வரிவரியாக எழுத வேண்டும். தமிழில் எழுதினாலே அதற்குப் புரிகிறது. இரண்டு நாளில் முடித்துவிட்டுக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை வினை வந்தது. அஸ்தினாபுரத்தில் ஓர் அபார்ட்மென்ட். வண்டி எங்கே என்று ஏஜென்ட் டிரைவரைக் கேட்டிருக்கிறது. அவர் குரல் பதிவில் "வந்துகினே கீறேன்" என்றிருக்கிறார். லாரி வந்துகொண்டிருக்கிறது, சில நிமிடங்களில் வந்துவிடும் என்று அது அபார்ட்மென்ட் சங்கத்துச் செக்ரட்டரிக்குப் பணிவாக எழுதிவிட்டது. மனிதர் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். பிறகு போனில் அவர் என்னைக் கேட்டதை இங்கே எழுத முடியாது.

அக்கா எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார்.

"இதப் போயி நம்புச்சா? வந்துகினே கீறேன்னா இன்னும் சாவியே போடலன்னு அர்த்தம் சார். இட்லி துன்னுகினு கீறான். கேம்ப் ரோடுல மாட்டிக்கினேன்னு திட்டுனான்னா, அப்பதான் கெளம்பிட்டான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். 'அஞ்சு நிமிஷம்' என்றால் முக்கால் மணி நேரம். போனை எடுக்கவே இல்லையென்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அது நல்ல சேதி. பாத்துக்கலாம் என்று சொன்னால்?

"அத்தத் தனியா போடுங்க. பாத்துக்கலாம்னா வர மாட்டான். மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல மனசு வரல, அவ்ளோதான். அவன்கிட்ட கெஞ்சிக்கினு நிக்கக் கூடாது. ஒடனே வேற வண்டி பாத்துக்கணும்."

ஒரு வாரம் இப்படிப் போனது. "இத்தினி வருசத்துல என்னாண்ட யாரும் இதெல்லாம் கேட்டதில்ல சார்," என்றார் ஒரு நாள், சந்தோஷமாகவே. அப்போது சொல்லியிருக்கலாம். எதிரில் முதலாளியின் கண்ணாடி அறை. அடுத்த வரியை டைப் செய்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது 'வந்துகினே கீறேன்' வரியை அழித்தேன். அது தப்புத்தப்பாகச் செய்யட்டும், முதலாளி சலித்துப்போய்த் தூக்கியெறியட்டும் என்று. யாரைத் தூக்கியெறிவார் என்று பிறகுதான் யோசித்தேன். அக்கா கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்த வரி பழைய இடத்திலேயே இருந்தது.

மாதக் கடைசியில் ஏஜென்ட் பிசகில்லாமல் ஓடியது. செக்ரட்டரிகள் கும்பிடு படம் அனுப்பினார்கள். ஒரு நாள் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை ஆபீஸ் போன் ஒரு தரம்கூட அடிக்கவில்லை. லைன் இருக்கிறதா என்று அக்கா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். மெதுவாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தியும் அதுவே செய்யுதுன்னா, எனக்கு இன்னா சார் வேலை?"

முதலாளி அறையில்தான் இருந்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்துக்கலாம்க்கா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அக்கா இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"செரி சார்," என்றார். "வேற வண்டி பாத்துக்கறேன்."