அடித்து அடித்து எழுதிய பதில்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழித்துத்தான் வயிற்றில் தங்கியது. பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தாள், பெண் பிள்ளை. குறை மாதம். ஒரு ராத்திரி இருந்துவிட்டு விடிகிற நேரம் போய்விட்டாள். எனக்கு அப்போது கடும் காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. தலையோடு சேர்த்துத் துணியில் சுற்றி முகத்தை மட்டும் காட்டினார்கள். என் புருஷனும் மாமியும் அவளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நான் வார்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

அந்த வார்டில் ஒரு நேர்ஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். வாய் ஓயாது. நான் பதில் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே மருந்து கொடுப்பார். ஒரு நாள், "உமக்கு எழுத வாசிக்கத் தெரியுமே?" என்று கேட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போகிற அன்று ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு கேள்வி, அவர் கையாலேயே எழுதியது. கீழே முழுவதும் வெறும் கோடு.

"நாங்கள் படிக்கேக்க ஒரு ரீச்சர் எங்களையும் இப்பிடித்தான் எழுத வைச்சவ. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை. பிழை பிழையா எழுதினாலும் பரவாயில்லை, எழுதும்" என்றார்.

பால் கட்டி நெஞ்சு வலியில் நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த அம்மா எனக்குப் பரீட்சை வைக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்புப் பக்கம் விறகுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அந்தத் தோட்டத்து வீடுகளில், ஒரு சாவு விழுந்தால் லயமே வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். யாரோ தேத்தண்ணி ஊற்றுவார்கள், யாரோ அழுவார்கள், செத்தவர் நல்லவரோ கெட்டவரோ, கருமாதி முடியும்வரை அவரைப் பற்றித்தான் பேச்சு. பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. எழவு கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் தாய் மனசு உடைந்துவிடும், அடுத்தது தங்காது என்று ஒரு எண்ணம். மாமி டவுனுக்கு ஆள் அனுப்பி மல்லிகைப்பூ வாங்கி வரச் சொல்லி, பால் வற்றுவதற்கு என் மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். காய்ச்சல் விட்டதும் நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். எனக்குப் பிள்ளை பிறந்ததே இல்லை என்பது மாதிரி எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் ஓரகத்திக்கு, என் கொழுந்தன் மனைவிக்கு, பையன் பிறந்தான். அவர்கள் அடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எட்டாத சுவர். பையன் அழுதால் என் வீட்டில் அழுகிற மாதிரியே கேட்கும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சவர்க்காரமும் பவுடரும் கையில் இருக்கும். என்னைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். உள்ளே போனதும் சிரிப்பும் பேச்சுமாக ஒரே அமளி. யாரு சாடை, அப்பன் காதா, ஆத்தா கண்ணா என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள், அவளும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பொறாமை. மறைத்துப் பேச என்ன இருக்கிறது, வயிறு பற்றி எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது, தூங்கினால் எரிந்தது, பையனுக்குச் சளி பிடித்து ராத்திரியெல்லாம் முழித்தாள் என்று கேள்விப்பட்டபோதும், முழிப்பதற்காவது அவளுக்கு ஒன்று இருக்கிறதே என்று எரிந்தது. அவள் என்னிடம் கெட்டவளாக நடந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ, "அக்கா, கீரை ஆஞ்சு வச்சிருக்கேன், எடுத்துக்கங்க" என்று சுவருக்கு மேலால் சத்தம் போடுவாள். அந்தக் கீரையைத் தின்னும்போதும் எரிந்தது.

அவள் திரும்ப வேலைக்கு வந்த பிறகு இன்னும் மோசம். காலையில் கொஞ்ச நேரம் பறித்ததும், பால் கொடுக்கிற தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குப் போவார்கள். வேலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. போகிறவர்களைக் கங்காணி ஒன்றும் சொல்லமாட்டார். என் நிரைக்குப் பக்கத்து நிரையிலிருந்து அவள் இறங்கிப் போவாள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கங்காணி என் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "முத்தல முத்தலா பறிச்சுப் போட்டிருக்க. கண்ணு எங்க புள்ள இருக்கு?" என்று கத்தினார். என் கண் அவள் முதுகில்தான் இருந்தது.

மாமி இதைக் கவனித்துவிட்டார். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போனால் பையன் முகத்தைத் துணியால் மூடுவார். நெற்றியில் இருந்த மைப்பொட்டு கன்னத்திலும் ஒன்று, பாதத்திலும் ஒன்று என்று பெருகியது. நான் கண் வைத்துவிடுவேன் என்ற பயம். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் கொப்பியை வெளியே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புருஷன் வெளியே போயிருந்தார். முதல் பக்கத்தில், 'இப்போது உங்கள் மனதில் என்ன இருக்கிறது?' என்று இருந்தது. 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். அடுத்த நாள், 'இன்று யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?' 'யாருக்கும் இல்லை.' அதற்கு அடுத்தது, 'இன்று உங்களுக்குப் பிடித்தமாக நடந்தது என்ன?' 'அட்டை கடிக்கவில்லை.' இப்படியே போனது என் சுயபரிசோதனை. ஆனால் ஒன்று, தினமும் வேலை முடிந்து வந்து அந்தக் கொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். என்னிடம் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அதுதானே.

பிறகு ஒரு பக்கம் வந்தது. 'யாரைப் பார்த்துப் பொறாமை வருகிறது? அவரிடம் இருப்பதில் எது உங்களுக்கு வேண்டும்?'

மூடி வைத்துவிட்டேன். இந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு யாரோ கோள் சொல்லிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. மறுபடி திறந்து, 'அவள் பிள்ளை' என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பையனைத் தூக்கி என் கையில் கொடுத்து, இனி உனக்குத்தான் என்று சொன்னால் வாங்கிக்கொள்வேனா? கொழுந்தனுடைய விசிறிக் காதும் அவனுமாக. எனக்கு எதற்கு அவன், எனக்கு என் பிள்ளையல்லவா வேண்டும். அதை அடித்தேன்.

மறுநாள் அதே பக்கத்தில், 'மலையிலிருந்து இறங்கிப் போகிற நேரம்' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து அதையும் அடித்தேன். 'சவர்க்காரம், பவுடர்' என்று எழுதி, எனக்கே சிரிப்பு வந்து அடித்தேன். மாமி அவளுக்கு மட்டும் கருவாடு தனியாக எடுத்து வைப்பதை எழுதி அடித்தேன். பக்கம் முழுக்க அடித்த கோடாகிவிட்டது. கடைசியில் கீழே இருந்த இடத்தில் எழுதினேன்: 'அவள் பிள்ளையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். என் பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.'

அதை அடிக்க முடியவில்லை. அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்து, என் பிள்ளை போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

பையனுக்குப் பெயர் வைப்பதைத் தள்ளிப் போட்டிருந்தார்கள், ஹல்துமுல்லையிலிருந்து ஓரகத்தியின் தாய்வீட்டார் வர வேண்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அன்றைக்குக் கொழுந்து கூடுதலாக இருந்ததால் விரும்பியவர்கள் கைக்காசுக்குப் பறிக்கலாம் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் மாமி என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நீ மலைக்குப் போயிரு. கங்காணிகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். என் புருஷன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசலைத் தாண்டும்போது உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஹல்துமுல்லைக் கிழவி ஒருத்தி, "யாரு சாடை இவன்?" என்று கேட்பது காதில் விழுந்தது. என் கால் நின்றுவிட்டது. கூடையைக் கழற்றி அந்த வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். மாமி சட்டென்று பையனை எடுத்து மடியில் மறைத்தார்.

"மாமி, நான் கண்ணு வைக்க வரல. அவன நீங்களே வச்சுக்கங்க. எனக்கும் ஒரு புள்ள பொறந்துச்சு. இந்த லயத்துல ஒருத்தராவது அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா? அது பூனக்குட்டியா, பேசாம பொதச்சிட்டு வர்றதுக்கு?"

எப்படி அவ்வளவு பேசினேன் என்று தெரியவில்லை. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இப்படிப் பேசினவளை வெளியே பிடித்துத் தள்ளினாலும் கேட்க ஆளில்லை. இன்றைக்கு இந்தக் குடும்பத்தோடு என் உறவு முடிந்தது என்றே நினைத்தேன்.

பாயில் உட்கார்ந்திருந்த என் ஓரகத்திதான் முதலில் பேசினாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அக்கா, யாரு சாடை அக்கா அது?" என்று கேட்டாள்.

"மாமி சாடை. அதே மூக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது அந்தச் சின்ன முகம் மட்டும்தானே.

மாமி பையனை மடியிலிருந்து எடுத்துக் கிழவியிடம் கொடுத்தார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "மூக்கு மட்டுமா? முடி எம்புட்டு இருந்துச்சு தெரியுமா? காதுவரைக்கும் கறுகறுன்னு. நான்தான குளிப்பாட்டுனேன். வெந்நி வச்சு, கையில ஊத்தி ஊத்திப் பாத்தேன், புள்ளைக்குச் சுட்டுருமோன்னு. அதுக்கு என்ன தெரியப் போகுது, ஆனாலும் எனக்கு மனசு கேக்கல" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மாராப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பொறாமைதான் வந்தது. என் மகளை இவர் குளிப்பாட்டியிருக்கிறார், முடியைத் தொட்டிருக்கிறார், எனக்கு அது கிடைக்கவில்லையே என்று. ஆனால் இந்தத் தடவை எதைப் பார்த்து எரிகிறது என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அதனால், "இன்னுஞ் சொல்லுங்க மாமி" என்று கேட்டேன். அவர் சொன்னார். என்ன துணி உடுத்தினார், எந்தப் பக்கம் தலை வைத்தார், என் புருஷன் குழியருகில் எப்படி உட்கார்ந்துவிட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பையனுக்குப் பெயர் வைக்கும்போது பொழுது உச்சிக்கு ஏறிவிட்டது. நல்ல நேரம் தப்பிவிட்டது என்று யாரும் குறை சொல்லவில்லை.

இப்போதும் யாரையாவது பார்த்து எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது, அது என் சுபாவம். ஆனால் அன்றைக்கு அந்தப் பொறாமையை விழுங்கிக்கொண்டு நான் மலைக்குப் போயிருந்தால், என் மகளுக்குக் காதுவரை கறுத்த முடி இருந்ததும், மாமி தன் கையில் தண்ணீரின் சூடு பார்த்து அவளைக் குளிப்பாட்டி அனுப்பியதும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.